தொப்பியைக் கழற்றாதவர்

மூன்று திருகாணிகள் கழன்றுவிட்டன. நான்காவது மட்டும் அசைவேனா என்று நின்றது. பாப்பா ஸ்டூலின் மேல் நுனிக்காலில் எம்பி, ஸ்குரூடிரைவரை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன் மேல் போட்டுத் திருகினாள். ஸ்டூல் ஆடியது. திருகாணி ஆடவில்லை.

"இடது பக்கம் திருப்பும்மா," என்றார் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கொத்தனார். கட்டைவிரலில் பெரிய கட்டோடு வந்திருந்தார். "நீ இன்னும் முறுக்கிட்டு இருக்கே."

"இடது பக்கம்தான் திருப்பறேன்."

"உன் இடது பக்கமா, திருகாணியோட இடது பக்கமா?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். காய்ச்சலுக்கு வந்திருந்த டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "டாக்டர் எடுக்கச் சொன்னாரா?" என்று கேட்டார். பொய் சொல்கிற பிள்ளையைப் பெஞ்சின் மேல் ஏற்றிவிடும் குரல். பாப்பா ஏற்கனவே ஸ்டூலின் மேல்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"சுவத்துக்கு வெள்ளையடிக்கணும்," என்றாள்.

கதவுக்கு உள்ளே அண்ணன் யாருக்கோ, "மூச்சை நல்லா இழுங்க, இப்ப விடுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நோயாளி சட்டையை மாட்டிக்கொண்டு எழுவதற்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும். பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருகினாள். கிறீச்சென்று ஒரு சத்தம். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து அவள் தோளில் இடித்தது.

பலகையில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'ஊதாக் கட்சியினருக்கு இங்கே வைத்தியம் பார்க்கப்படமாட்டாது. வேறு மருத்துவரை அணுகவும்.' வேறு மருத்துவர் என்று எழுதிவிடுவது சுலபம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரே டாக்டர் அவளுடைய அண்ணன்தான். வேறு ஆளைப் பார்க்கவேண்டுமானால் பாலத்தைத் தாண்டி, பஸ் பிடித்து, பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாள் தவம் கிடக்கவேண்டும்.

பலகை மாட்டிய புதிதில் ஊரே கொதித்தது. பிறகு, ஊர் என்றால் ஊர்தானே, ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. ஊதாக் கட்சிக்காரர்கள் தங்கள் ஊதாத் தொப்பியைக் கழற்றி வெளிச்சுவரின் மேல் வைத்து, காற்றில் பறக்காமல் அதன் மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்களாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அண்ணனும் ஒன்றும் தெரியாதவனாக நாடி பிடித்தான். ஆனால் பதவியில் இருக்கிறவர்கள், முகம் தெரிந்தவர்கள் யாரையும் அவன் விடவில்லை. சலூன்காரர் கட்சிக் கிளையின் பொருளாளர். சர்க்கரை வியாதி உள்ளவர். காலில் புண்ணோடு வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பினான். டவுனுக்கு அலைந்து அலைந்து, கடைசியில் அவருக்கு ஒரு விரலை எடுக்கவேண்டியதாகிவிட்டது. அவர் நொண்டிக்கொண்டு திரும்பிப் போன அன்று, மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பாப்பா தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணனுடைய கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். வயது நாற்பதைத் தொட்டாலும் வீட்டில் இன்னும் பாப்பா.

தொப்பியைக் கழற்றாமல் வந்து வரிசையில் உட்கார்ந்த ஒரே ஆள் அவளுடைய அப்பா. அதாவது டாக்டருடைய அப்பா.

பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; விசில் என்றால்தான் தெரியும். வேலையை விட்ட பிறகும் விசிலை விடவில்லை. கட்சிக் கூட்டமென்றால் கழுத்தில் விசிலும் தலையில் தொப்பியுமாகப் போய் நின்று, கூட்டத்தை நகர்த்துவதும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு. ஒற்றை விசிலுக்கு நிற்கவேண்டும், இரட்டை விசிலுக்குப் போகவேண்டும். பஸ்ஸில் எப்படியோ அப்படித்தான்.

பலகை மாட்டிய அடுத்த வாரம் அவர் வந்தார். நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று அம்மா தள்ளிவிட்டதால் வந்தார். முறை வந்ததும் எழுந்தார். அண்ணன் கதவருகில் வந்து நின்றான்.

"தொப்பியை வெளிய கழட்டி வெச்சிட்டு வாங்கப்பா."

"வெளிய கழட்டி வைக்க அது என்ன செருப்பா?"

"அப்பாவா உள்ள வாங்க, பார்க்கிறேன்."

"அப்பனை எவன் வேணா பார்ப்பான். தொப்பியோட பாரு. அப்ப நீ டாக்டர்னு ஒத்துக்கிறேன்."

அண்ணன் பெஞ்சின் பக்கம் திரும்பி, "அடுத்தவங்க வாங்க," என்றான். அப்பா வரிசையில் இருந்த எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்து போனார். கூட்டத்தில் கை தட்டல் வாங்கியவர் மாதிரிதான் போனார். அன்றையிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நடுவில் ஒரு நாள் அண்ணனே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவன் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்த அப்பா, படுத்திருந்தவர், தலையணைக்கு அடியிலிருந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி படுத்தார். அண்ணன் நிலைப்படியோடு திரும்பிவிட்டான். பாப்பாவுக்கு இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டிவிடலாமா என்றிருந்தது.

அண்ணன் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அதை இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வராது. போன மழைக்காலத்தில் ஊதாக் கட்சி பாலத்தில் மறியல் செய்தது. அன்றைக்குத்தான் பிள்ளை பெற்று இரத்தம் நிற்காத ஒரு பெண்ணை அண்ணன் ஆம்புலன்ஸில் ஏற்றி, தானும் கூடப் போனான். பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. இறங்கிக் கெஞ்சினான். தலைவர் வரட்டும், கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அவர் வந்து வழி விடச் சொன்னபோது வண்டிக்கு அவசரம் எதுவும் மிச்சமில்லை.

அன்று ஒரு விசில் சத்தம் கேட்டதாக அண்ணன் சொன்னான். கூட்டத்துக்குள் யார் ஊதினார்கள் என்று அவன் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவன் வளர்ந்தான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "நீங்க எத்தனை ஊதினீங்க?" அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் பலகை வந்தது.

"ஒரு டாக்டர் இப்படி எழுதி மாட்டலாமா?" என்று பாப்பா அப்போதே கேட்டாள்.

"வழி விடமாட்டேன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருந்தா, கதவைத் திறக்கமாட்டேன்னு சொல்ல எனக்கும் இருக்கு."

"அவங்க கட்சிக்காரங்க. நீ டாக்டர்."

"நானும் அதைத்தான் அன்னைக்குக் கத்தினேன் பாப்பா. நான் டாக்டர், வழி விடுங்கன்னு. யாரு காதுல விழுந்துச்சு?"

அவள் எழுந்து போய்விட்டாள். இன்னும் பேசியிருக்க வேண்டும் என்று பிறகு பல தடவை தோன்றியது.

இன்று விடிந்ததிலிருந்து அப்பாவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தே மூச்சு விட்டார். பாப்பா ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். வந்தது. அதைப் பார்த்ததும் அவர் நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஏறமாட்டேன் என்றார். டிரைவர் வந்து கைத்தாங்கலாகப் பிடித்தபோது கையைத் தட்டிவிட்டார். "யாருக்காவது அவசரமா இருக்கும், எடுத்துட்டுப் போப்பா," என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வண்டி போனது. போகிற வண்டியையே அவர் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னதான் செய்யணும்கிறீங்க?" என்று பாப்பா கத்தினாள். அப்பாவிடம் அப்படி அவள் கத்தியதே கிடையாது.

"அந்தப் பலகையை அவன் எடுக்கட்டும். நானே நடந்து வரேன்."

அங்கிருந்து கிளினிக்குக்கு ஓடினாள். வீட்டிலிருந்து இரண்டு தெருதான். அண்ணன் முதல் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் மாறியது. ஆனால் வாய், "திரும்ப ஆம்புலன்ஸ் சொல்லு. நான் வந்தா தொப்பியை மாட்டிப்பார்," என்றது. பாப்பா மருந்து அறைக்குள் போனாள். மேசை டிராயரில் ஸ்குரூடிரைவர் கண்ணில் பட்டது.

இப்போது, கழற்றிய பலகையை மருந்து அறையில் பழைய அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் சொருகினாள். திருகாணிகளைப் பலகையின் மேலேயே போட்டாள். செருப்பைத் தேடவும் பொறுமையில்லாமல் வெறுங்காலோடு வீட்டுக்கு ஓடினாள்.

அப்பா ஜன்னலோரம் அதே நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரு பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"எடுத்தாச்சுப்பா."

அவர் தலையைத் தூக்கினார். "எதை?"

"பலகையை. வாங்க, போகலாம்."

"யாரு எடுத்தா?"

வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் அவள் தயாராகிக்கொண்டு வந்தாள். "அண்ணன்தான்."

"அவனேவா?"

"அவனேதான்."

"ஸ்டூல் போட்டு ஏறியா?"

"ஆமாப்பா. நாலு திருகாணியும் அவனேதான் கழட்டினான்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னான்."

அம்மாவின் கையில் விசிறி நின்றுவிட்டது. அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா? ஆனால் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது. அதைக் கெடுக்க அவளுக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது.

"ஏய், அந்த வெள்ளைச் சட்டையை எடு," என்றார் அவர் அம்மாவிடம். "இஸ்திரி போட்டது."

"மூச்சு விடவே முடியல, இஸ்திரி போட்ட சட்டை கேக்குதா?"

"டாக்டரைப் பார்க்கப் போறேன். சும்மாவா?"

சட்டை போட்டாயிற்று. செருப்பு நுழையவில்லை, கால் அந்த அளவுக்கு வீங்கியிருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் அகலமான ரப்பர் செருப்பை வாங்கிவந்து மாட்டினார்கள். தொப்பியை அவரே மாட்டிக்கொண்டார். கண்ணாடியில் ஒரு தடவை பார்த்து, கொஞ்சம் வலது பக்கம் சாய்த்துவிட்டார்.

பாப்பா ஆட்டோவைக் கூப்பிட்டிருந்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"வண்டியில போய் இறங்கினா, ஆபத்துன்னு இரக்கப்பட்டுப் பார்த்தான்னு ஆயிடும். நடந்து போகணும். வரிசையில உட்காரணும். முறை வரும்போது கூப்பிடணும். அப்பத்தான் பார்த்தான்னு அர்த்தம்."

"அப்பா, உங்களால முடியாது."

"இரண்டு தெரு. எத்தனை ஆயிரம் தடவை நடந்திருப்பேன்."

இது தப்பு என்று அவளுக்குத் தெரியும். தினமும் மருந்து எடுத்துக் கொடுக்கிற கை. வீங்கின காலும் வாங்குகிற மூச்சும் என்ன சொல்கின்றன என்று தெரியாமலா இருக்கும்? ஆனால் ஆட்டோவில் ஏற்ற மல்லுக்கட்டினால் அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். தொப்பியோடு அவர் வாசலில் வந்து நின்றால், பலகையும் இல்லாத அந்த வாசலில், நாலு பேர் பார்க்க, அண்ணன் போ என்று சொல்லிவிடுவானா? மாட்டான். அந்த ஒரு நம்பிக்கையில் அவள் அவருடைய கையைத் தன் தோளின் மேல் போட்டுக்கொண்டாள்.

முதல் தெரு முடிவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியக்கூடாது அவருக்கு. ஒரு இடத்தில் சுவரொட்டியைப் படிப்பதுபோல நின்றார். ஒரு இடத்தில் பூட்டிக் கிடந்த கடையை, எப்போது திறப்பான் என்று விசாரிப்பதுபோல நின்றார். மூன்றாவது இடத்தில் படிப்பதற்கும் விசாரிப்பதற்கும் ஒன்றுமே இல்லை. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா."

"பேசாதீங்கப்பா. மூச்சு வாங்குது."

"அன்னைக்கு நான் ஒண்ணுதான் ஊதினேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. கம்பத்தைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தாள்.

"ஆம்புலன்ஸ்னு தெரியும். விளக்கு சுத்திட்டு இருந்துச்சே. கட்சியில மேல இருக்கிறவர் ஒருத்தர் கையைக் காட்டினார், நிறுத்துன்னு. கை காட்டினா ஊதித்தானே பழக்கம்." நின்று இரண்டு மூச்சு இழுத்தார். "ஊதிட்டேன். அப்புறம் ரெண்டு ஊதலாம்னு நினைச்சேன். நினைச்சிட்டே நின்னேன்."

"அவன் உள்ள இருந்தது தெரியுமா?"

"இறங்கினப்புறம்தான் பார்த்தேன். யாரா இருந்தா என்ன? அந்தப் பொண்ணு இருந்தாளே." கம்பத்திலிருந்து கையை எடுத்தார். "அவன் பார்த்து முடிச்சதும் சொல்லணும். அதுக்கு முன்னாடி சொன்னா, வைத்தியத்துக்காகச் சொன்னேன்னு ஆயிடும். பார்த்து முடிக்கட்டும். அப்புறம் சொல்றேன். நீ முந்திரிக்கொட்டை மாதிரி நடுவுல எதுவும் சொல்லிடாதே."

கோபமா, பாவமா என்று பாப்பாவுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை மாதமாக இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் இந்த மனிதர் செருப்பா என்று கேட்டார், கும்பிடு போட்டார், படுக்கையில் தொப்பி மாட்டினார். "வாங்கப்பா, வாங்க," என்று மட்டும் சொல்லி அவரைத் தாங்கிக்கொண்டு நடந்தாள். திருப்பத்தைத் தாண்டினால் கிளினிக்.

திருப்பத்தைத் தாண்டினார்கள்.

அண்ணன் ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தான். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரோடு சேர்த்துப் பலகையை முழங்கையால் அழுத்திப் பிடித்திருந்தான். மூன்று மூலையும் முடிந்துவிட்டது. நான்காவது மூலையில் திருகாணி பாதி ஏறியிருந்தது. நோயாளியை அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வெளியே வந்தவன் வெறும் சுவரைப் பார்த்திருக்கிறான், மருந்து அறையில் தேடியிருக்கிறான், சைக்கிள் கடையில் ஒரு ஸ்குரூடிரைவர் இரவல் வாங்கியிருக்கிறான், அவ்வளவுதான்.

கொத்தனார்தான் முதலில் அப்பாவைப் பார்த்தார். எழுந்திருக்கப் போனார். அப்பா ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்து அவரைப் பார்த்தார். கொத்தனார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். வரிசை மொத்தமும் அமைதியாயிற்று. திருகாணி சுவருக்குள் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்பா பாப்பாவின் தோளிலிருந்து கையை எடுத்தார். வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பித்தார். தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல், அந்தப் பெரிய செருப்புகளை இழுத்துக்கொண்டு, வரும்போது நடந்ததைவிட வேகமாக.

"அண்ணா!"

அவன் திரும்பினான். முதலில் அவளைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால், தெருவில் போய்க்கொண்டிருந்த ஊதாத் தொப்பியைப் பார்த்தான்.

"எதுக்கு நடக்க வெச்சுக் கூட்டிட்டு வந்தே? உனக்கு அறிவில்லை?"

"வா அண்ணா. சீக்கிரம் வா."

"உட்காரச் சொல்லு. அடுத்து வந்தவருக்கு ஊசிக்கு டெஸ்ட் போட்டு உள்ள உட்கார வெச்சிருக்கேன். இதோ போட்டுட்டு வந்துடறேன்."

சொல்லிக்கொண்டே அரைகுறையாக நின்ற அந்தக் கடைசித் திருகாணியை முழுக்க முறுக்கிவிட்டுத்தான் ஸ்டூலிலிருந்து இறங்கினான். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. எதையும் பாதியில் விட்டு எழுந்திருக்கிற பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. ஆனால் பாப்பா அதைப் பார்த்தாள். பார்த்ததைப் பார்க்காமல் ஆக்கிக்கொள்ள இனி அவளால் ஆகாது.

அப்பா சைக்கிள் கடை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவரைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"நீதானே எடுத்தே?" என்றார்.

"ஆமாப்பா."

"நாலையுமா?"

"ஆமாம்."

"கெட்டிக்காரி." சிரித்த மாதிரி இருந்தது. "எனக்கு அப்பவே சந்தேகம்தான். அவன் எடுத்தா ஸ்குரூடிரைவரைக்கூட எடுத்த இடத்துலதான் வைப்பான். நீ கையிலயே வெச்சிட்டு வந்து நிக்கறே."

அவள் கையைப் பார்த்தாள். சேலை மடிப்போடு சேர்த்து இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்கும் தெருவுக்கும் அதோடுதான் ஓடியிருக்கிறாள். எல்லாம் தெரிந்துதான் இவர் சட்டை கேட்டாரா? தெரிந்துதான் நடந்தாரா? கேட்க வாயெடுத்தபோது அவருடைய தலை அவள் கழுத்தின் பக்கம் கனமாகச் சாய்ந்தது. தொப்பியின் விளிம்பு அவள் கன்னத்தில் குத்தியது. தண்ணீர் கொண்டுவந்த சைக்கிள் கடைக்காரர், தம்ளரை நீட்டியவர், பிறகு மெல்லப் பின்வாங்கினார்.

வீட்டுக்குக் கொண்டுபோனது ஒரு ஆட்டோவில்தான். வேண்டாம் என்று சொல்ல அவர் இல்லை.

கூடத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். விடிந்ததிலிருந்து படுக்க முடியாமல் இருந்தவர் இப்போது சுகமாக மல்லாந்து படுத்திருந்தார். தூக்கி இறக்கியதில் கழன்று விழுந்த தொப்பியை அம்மா எடுத்து, தூசியைத் தட்டி, அவருடைய தலையில் வைத்தாள். கொஞ்சம் யோசித்து வலது பக்கம் சாய்த்துவிட்டாள். "இதை யாராவது எடுத்தீங்க..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. எடுக்கப்போகிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

அண்ணன் ஓடித்தான் வந்தான். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையில் பை, வழியெல்லாம் ஓடிவந்த மூச்சு. வாசலிலேயே கூட்டத்தைப் பார்த்ததும் ஓட்டத்தை நடையாக்கிக்கொண்டான். ஊசி போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான். விரலிடுக்கில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. நிலைப்படியில் ஒரு கணம் நின்றான். கட்டிலைப் பார்த்தான். உள்ளே வந்தான்.

அம்மா நகர்ந்து இடம் விட்டாள். ஜன்னலுக்கு வெளியே கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். கட்டையை ஊன்றிக்கொண்டு சலூன்காரரும் வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தெருவில் யாரோ அடக்கிய குரலில் திட்டுவதும், வேறு யாரோ அவரை அடக்குவதும் கேட்டது.

அண்ணன் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு அருகில் போட்டு உட்கார்ந்தான். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தான். போய்விட்டார் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவான் என்று பாப்பா நினைத்தாள். அவன் எழவில்லை. கீழிமையை இழுத்து விளக்கடித்துப் பார்த்தான். வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தான். சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்தான். இடம் மாற்றி வைத்தான். இன்னும் கீழே வைத்தான். வாசலில் முணுமுணுப்பு நின்றது. ஒரு கையைக் கொடுத்து அப்பாவைத் தன் பக்கம் சற்றுப் புரட்டி, முதுகிலும் வைத்துக் கேட்டான். அப்போதும் தொப்பி நழுவாமல் மறு கையால் பிடித்துக்கொண்டான்.

"தம்பி," என்றாள் அம்மா.

"எப்போலிருந்து மூச்சு வாங்குது?" என்று அண்ணன் கேட்டான். நிமிர்ந்து பார்க்கவில்லை. கிளினிக்கில் கேட்கிற அதே குரல்.

கேள்வி தனக்குத்தான் என்று பாப்பாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"ஆறேழு மாசமா. மாடிப்படி ஏறினா வாங்கும்."

"படுத்தா?"

"முதல்ல ஒரு தலையணை வெச்சுக்கிட்டார். அப்புறம் ரெண்டு. நேத்து ராத்திரி உட்கார்ந்தேதான் இருந்தார்."

"சாப்பாடு?"

"கம்மி. ரெண்டு வாய்க்கு மேல வேண்டாம்பார்."

"தூக்கம்?"

"இல்லை."

"எப்போலிருந்து?"

"மழைக்காலத்துலேர்ந்து," என்றாள் பாப்பா.

அவன் கை ஒரு நொடி நின்றது. பிறகு வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தான். அப்படியே கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்தான். இரவல் செருப்பு இன்னும் காலிலேயே இருந்தது. இரண்டையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்தான். ஒரு பாதத்தைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டான்.

"வேற ஏதாவது சொன்னாரா?"

எல்லா நோயாளிகளிடமும் அவன் கடைசியாகக் கேட்கிற கேள்விதான். மருந்து ஜன்னலுக்குப் பின்னாலிருந்து தினமும் எத்தனையோ தடவை அவள் அதைக் கேட்டிருக்கிறாள்.

பாப்பா வாயைத் திறந்தாள். பார்த்து முடிக்கட்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அண்ணன் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. வீங்கிய புறங்காலின் மேல் கட்டைவிரலை வைத்து, அழுத்தி, எடுத்தான். விரல் இருந்த இடத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. அண்ணனும் தங்கையும் அது நிரம்பிவிடுமா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.